குரோம், எட்ஜ், பிரேவ், ஃபயர்ஃபாக்ஸ்: வேகத்தை எங்கே தேடுவது?

2008 செப்டம்பரில் குரோம் வெளிவந்தபோது, இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயந்திர மொழிக்கே மாற்றி ஓட்டிய அதன் வி8 பொறி, அன்று பெரும்பாலானோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. குரோம்தான் வேகமான உலாவி என்று அப்போது பதிந்த எண்ணம் இன்னும் பலரிடம் மாறவில்லை, நிலைமைதான் மாறிவிட்டது. 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டதும் செயலியின் பல கருக்களை ஒரே நேரத்தில் பயன்படுத்துவதுமான புதிய வடிவமைப்புப் பொறியைக் கொண்டு இடைவெளியைப் பெரிதும் குறைத்தது. 2020 ஜனவரியில் எட்ஜ் தன் சொந்தப் பொறியைக் கைவிட்டு, குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியது. பிரேவ், ஓப்பெரா, விவால்டி ஆகியவையும் அதே குரோமியத்தின் மீது எழுந்தவையே என்பதால், நிரலை ஓட்டும் வேகத்தில் மட்டும் இவற்றுக்குள் பெரிய வேறுபாட்டைத் தேடுவதில் பயனில்லை.

வேகத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஸ்பீடோமீட்டர் 3 சோதனையை, 2024 மார்ச்சில் ஆப்பிள், கூகுள், மொஸில்லா ஆகிய போட்டியாளர்களே சேர்ந்து வெளியிட்டார்கள். பட்டியலில் ஒன்றைச் சேர்ப்பது, வரைபடம் வரைவது போன்ற செயல்களுக்கு உலாவி எவ்வளவு விரைவாக இசைகிறது என்பதை அது நேர்மையாகவே அளக்கிறது. ஆனால் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தவுடன் செய்தியோடு சேர்ந்து இறங்கும் விளம்பர நிரல்களும் கண்காணிப்பு நிரல்களும் அந்தச் சோதனைக்குள் வருவதில்லை. வாசகரைக் காக்க வைப்பது பெரும்பாலும் அவைதான். ஆகவே, எதை இறக்காமல் விடுவது என்று முடிவு செய்யும் உரிமையை எந்த உலாவி நமக்குத் தருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த இடத்தில் குரோம் பின்தங்குகிறது. முன்பு ஒரு நீட்சியால் (உலாவியில் நாமே சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்), உலாவி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் தானே ஆராய்ந்து தடுக்க முடிந்தது. மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிமுறையில், தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். அதனால் யூபிளாக் ஒரிஜின் என்ற புகழ்பெற்ற தடுப்பான் குரோமில் தன் முழு வடிவத்தை இழந்து, லைட் என்ற குறுகிய வடிவத்தில் மட்டும் தொடர்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் பழைய வசதியைக் கைவிடவில்லை. பிரேவோ தடுப்பானை உலாவிக்குள்ளேயே வைத்திருப்பதால் நீட்சிகளின் விதி அதைத் தொடுவதில்லை; எதையும் அமைத்துக்கொள்ளத் தெரியாத ஒருவருக்கு அதுவே எளிய வழி.

கைபேசியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை, ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கிறது. தரவுத் திட்டத்தின் வரம்பைப் பார்த்துப் பார்த்துச் செலவிடுவோருக்கு இது சிறிய விஷயமல்ல.

நினைவகத்தைப் பொறுத்தவரை, ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடு வெளிப்பட்ட பின் 2018இல் குரோமும், 2021இல் ஃபயர்ஃபாக்ஸும் ஒவ்வொரு தளத்தையும் தனிச் செயல்முறையில் பிரித்து வைக்கத் தொடங்கின. இதனால் நினைவகம் கூடுதலாகச் செலவாகிறது; ஆனாலும் பாதுகாப்புக்காகத் தரும் இந்த விலை நியாயமானதே. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில், பயன்படுத்தாத தாவல்களை உறங்க வைக்கும் எட்ஜின் வசதி கைகொடுக்கிறது. குரோமிலும் இப்போது அது போன்ற ஒன்று உண்டு.

எட்ஜைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பக்கத்தை உரக்க வாசிக்கும் அதன் வசதி, இணைய இணைப்பு இருந்தால், இயல்பான தமிழ்க் குரல்களில் வாசிக்கிறது. பார்வை குன்றியவர்களுக்கும் முதியவர்களுக்கும் இந்த ஒரு காரணத்துக்காகவே எட்ஜைப் பரிந்துரைப்பேன். தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டுவதில் வேறுபாடு இல்லை. இந்த நான்கு உலாவிகளும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நிரலகத்தைத்தான் நம்பியுள்ளன.

என் தேர்வு ஃபயர்ஃபாக்ஸ். கூகுளின் சில சேவைகள் அதில் சற்று மந்தமாக இயங்கலாம். ஆயினும் இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பொறிகளில், கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட் ஆகிய இரண்டுக்கும் வெளியே பரவலான பயன்பாட்டில் எஞ்சியிருப்பது அதன் கெக்கோ பொறி மட்டுமே; அதுவும் போய்விட்டால், இணையத் தளங்கள் எப்படி இயங்க வேண்டும் என்பதை அந்த இரு நிறுவனங்களே தீர்மானிக்கும்.