ரைடு எல்லாம் ஓகே, க்யூதான் கொடுமை

ஈசிஆர்ல ஒரு தீம் பார்க்குக்கு ஞாயித்துக்கிழமை ஃபேமிலியோட போனோம், ரைடு எல்லாம் நல்லாருக்கு, வேவ் பூல் தண்ணியும் சுத்தம். ஆனா க்யூல முன்னாடி நின்னவரு ஸ்பீக்கர்ல போட்டு பத்திரப்பதிவு விஷயத்தை கத்திக் கத்திப் பேசிட்டே வர்றாரு, பின்னாடி ஒரு கும்பல் "எங்காளுங்க முன்னாடி நிக்கிறாங்க"ன்னு கயித்துக்கு அடியில பூந்து போறாங்க, கொழந்தைங்க வெயில்ல வாடிப்போய் நிக்குதுங்க, வயித்தெரிச்சலா இருந்துச்சு. "அண்ணா, கொஞ்சம் மெதுவா பேசுங்க"ன்னு தன்மையா கேட்டா சிலர் கேக்கறாங்க, கேக்கலன்னா சண்டைக்குப் போகாதீங்க, ரைடு ஆபரேட்டர்கிட்ட சொல்லுங்க. எங்களுக்கு அங்க இருந்த பொண்ணு உடனே வந்து பூந்தவங்கள பின்னாடி அனுப்பிட்டாங்க, அவங்களுக்காகவே ரெண்டு ஸ்டார் சேத்துப் போடறேன். ரோலர் கோஸ்டர்ல ஃபோன கையில வச்சு வீடியோ எடுக்கறவங்கள மட்டும் ஏத்தவே கூடாது, நழுவுனா கீழ நிக்கறவங்க மண்டைதான் உடையும். முடிஞ்சா வார நாள்ல போங்க.