ஹாங்காங்கில் மீன் சாப்பிடப் போகிறீர்களா? விலையோடு எடையையும் கேளுங்கள்

ஹாங்காங்கில் கடலுணவு சாப்பிடத் திட்டமிட்டிருப்பவர்கள், முக்கியமாகத் தேனிலவுக்குப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரே ஒரு மீனுக்கு நாங்கள் 1,496 ஹாங்காங் டாலர் கொடுத்தோம். அந்த மீன் ஒரு கிலோகூட இல்லை.

நான் தூத்துக்குடிக்காரி. மீன் தெரியாமல் ஏமாந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். செவுளைப் பார்த்து, கண்ணைப் பார்த்து வாங்கத் தெரிந்தவள்தான். கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் அது. முதல் இரண்டு நாட்களும் ஒரு குறையும் இல்லை. சிம் ஷா சுய் படகுத்துறையிலிருந்து ஸ்டார் ஃபெரியில் துறைமுகத்தைக் கடந்தோம். 1888-இல் ஒரு பார்சிக்காரர் தொடங்கிய படகுப் போக்குவரத்து அது. சில டாலர்தான் டிக்கெட். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இன்னொரு முறை போகலாம். 1904-இல் தொடங்கிய டிராம் சேவையின் இரட்டை மாடி வண்டியில், முன் சன்னலோரம் இடம் பிடித்து, கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் மாலைதான் கடலுணவுக் கடைகள் வரிசையாக இருக்கும் ஓர் இடத்துக்குப் போனோம். இடத்தையும் கடையையும் பெயர் சொல்லவில்லை. அதே வரிசையில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அங்கே வழக்கம் இப்படி: வாசலில் கண்ணாடித் தொட்டிகளில் உயிரோடு நீந்தும் மீனைக் காட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். எடை போட்டு, உள்ளே கொண்டுபோய்ச் சமைத்துத் தருவார்கள். சமையலுக்குக் கூலி தனி. ஒரு தொட்டியில் களவா மீன். ஊரில் பார்த்த அதே பழுப்புப் புள்ளிகள். தொட்டியில் செருகியிருந்த அட்டையில் 68 என்று எழுதியிருந்தது. பக்கத்துத் தொட்டியில் இறால், 160.

ஹாங்காங் சந்தைகளில் கிலோவைவிட ‘கேட்டி’ கணக்குதான் அதிகம், ஒரு கேட்டி ஏறக்குறைய 605 கிராம் என்று போகும் முன்பே படித்து வைத்திருந்தேன். ஆகவே களவா கேட்டிக்கு 68 டாலர் என்று எடுத்துக்கொண்டேன். “சிக்ஸ்டி எய்ட், வெரி குட்” என்றார் கடைக்காரர். எதற்கு 68 என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிவப்பு பிளாஸ்டிக் கூடையில் மீனைப் போட்டு, தண்ணீர் சொட்டச் சொட்டத் தராசில் வைத்தார். முள் நிற்பதற்குள் கூடை உள்ளே போய்விட்டது. பணத்தை எடுத்தபோது, சாப்பிட்டபின் சேர்த்துக் கொடுக்கலாம் என்று கை காட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சமையலில் குறை சொல்ல மாட்டேன். இஞ்சியும் வெங்காயத் தாளும் தூவி ஆவியில் வேகவைத்த மீன், பஞ்சு போல இருந்தது. பிறகு பில் வந்தது. 2,223 டாலர். நம் பணத்தில் சுமார் 24,000 ரூபாய். அறுநூறு டாலருக்குள் முடியும் என்று நினைத்திருந்தோம். கேட்டதற்குக் கால்குலேட்டரை மட்டும் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். “சரி விடு, வந்த இடத்தில் சண்டை வேண்டாம்” என்றார் என் கணவர். கார்டில் பணத்தைக் கட்டினார். ஆனால் விவரம் எழுதிய பில் இல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்துக் கையால் எழுதிய சீட்டு ஒன்று வந்தது, முழுக்கச் சீன எழுத்தில். இரவு எட்டு மணிக்குத் துறைமுகத்தில் நடக்கும் ஒளிக்காட்சியை அன்று பார்க்கலாம் என்றிருந்தோம். அதுவும் போயிற்று.

விடுதி வரவேற்பறையில் இருந்த பெண்தான் சீட்டைப் படித்துச் சொன்னாள். இறால் ஒரு கேட்டி, 160. மீன் 22 ‘டேல்’, டேலுக்கு 68.

டேல் என்பது கேட்டியில் பதினாறில் ஒரு பங்கு, 38 கிராமுக்கும் சற்றுக் குறைவு. என் ஆச்சி காலத்தில் வீசை, பலம் என்று நிறுத்தார்களே, அதில் பலம் 35 கிராம். கிட்டத்தட்ட அதே அளவு. வீசைக்கு விலை கேட்டவளிடம் பலத்துக்கு விலை வாங்கியதுபோல ஆயிற்று. தொட்டி அருகே என்னை நிறுத்தி என் கணவர் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். என் தோளுக்குப் பின்னால் அந்த அட்டை. 68-க்குக் கீழே, எண்ணில் கால்வாசிகூட இல்லாத அளவில், ஓர் எழுத்து. மேலே ஒரு கோடு, கீழே கூண்டு போன்ற வடிவம். அதுதான் டேல். இறால் அட்டையில் இருந்தது வேறு எழுத்து, கேட்டி. ஒரே கடை, பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகள், இரண்டு அளவுகள். அங்கே மீனை டேல் கணக்கில் விற்பது புதிதல்ல. வெளிநாட்டுக்காரர்களிடம் அதை வாய்விட்டுச் சொல்லாமல் விற்றதைத்தான் நான் மோசடி என்கிறேன். ஜின்செங் வேர், உலர்ந்த கடலட்டை விற்கும் மருந்துக் கடைகளிலும் இதே வித்தை நடப்பதுண்டு. அங்கே வேரைச் சீவிப் பொடியாக்கிவிட்டு, இனித் திருப்பித் தர முடியாது என்பார்கள்.

தேநீருக்கும் ஈரத் துண்டுக்கும் தலைக்கு 20 டாலர் போட்டதையும், பத்து சதவீத சேவைக் கட்டணத்தையும் நான் குற்றம் சொல்லவில்லை. அது அந்த ஊர் வழக்கம். கேட்காமல் வைக்கும் வேர்க்கடலைக்கும் காசு உண்டு, வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்வார்கள். மீன் விஷயத்தில் மட்டும் விடாதீர்கள். கேட்டியா, டேலா என்று கேட்டு, எடையையும் இந்த மீனுக்கு மொத்தம் எவ்வளவு என்பதையும் தாளில் எழுதி வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை மீன் தொட்டியை விட்டு உள்ளே போகக் கூடாது. அட்டையையும் தராசையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

எந்த அளவுக்கு விலை என்பதை மறைப்பதும் புரியாதபடி காட்டுவதும் அங்கே குற்றம். வணிக விவரிப்புச் சட்டப்படி ஐந்து லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. சுங்கத்துறைதான் நடவடிக்கை எடுக்கும். புகார் செய்ய, அந்த ஊர் நுகர்வோர் மன்றத்தின் எண் 2929 2222. இது எங்களுக்கு ஊர் திரும்பியபின்தான் தெரிந்தது. அன்றிரவே தெரிந்திருந்தால் மறுநாள் காலை நேரில் போயிருப்போம்.

பக்கத்திலுள்ள மக்காவ் நகருக்குப் படகில் போக ஒதுக்கியிருந்த பணம் அந்த மீனோடு போய்விட்டது. மறுநாள் முழுவதும் என் கணவர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏதேதோ வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். ஒரு சிறிய சா சான் தெங் தேநீர்க் கடையில், விலை அச்சிட்ட அட்டையைப் பார்த்துப் பால் தேநீரும் ரொட்டியும் வாங்கித் தந்தார். அதைக் குடித்தபிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

சீட்டின் நகல், அந்தப் படம், கார்டு ரசீது மூன்றையும் சேர்த்துச் சென்ற வாரம் நுகர்வோர் மன்றத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். புகார் எண் வந்துவிட்டது. பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.