பழைய டிஜிட்டல் கேமரா: இபேயா, காசு ஏல ஆப்பா, காந்தி வீதியா?

அண்ணன் மகள் காலேஜ் சேர்ந்ததும் கேட்ட முதல் பொருள், நாங்களெல்லாம் எப்போதோ பரணில் போட்டு மறந்த சாமான்: சின்ன டிஜிட்டல் கேமரா. "போன்ல எடுத்தா எல்லா மூஞ்சியும் மாவு பூசின மாதிரி இருக்கு சித்தப்பா" என்றாள். 2000களில் வந்த, சிசிடி என்ற பழைய வகை சென்சார் (படத்தைப் பிடிக்கும் சில்லு) உள்ள கேமராவின் நிறமும், முகத்தில் பளீரென்று அடிக்கும் பிளாஷும்தான் இப்போது அந்த வயதுப் பிள்ளைகளின் மோஸ்தர். பெரிய கம்பெனிகள் சிமாஸ் என்ற வேறு வகை சென்சாருக்கு மாறி வருஷக்கணக்காகிறது. ஆக, பழசுதான் வாங்க வேண்டும். எங்கே?

நான் கடலூர் முதுநகர்க்காரன். ஏலம் என்றால் எனக்குத் துறைமுகம்தான். மீன் குவியலைச் சுற்றி எல்லோரும் நிற்பார்கள், யார் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லி, இன்னும் கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூன்றாவது தரம் விழும். கடைசி வாய் மூடும்வரை ஏலம் முடியாது. இந்தப் பழக்கத்தோடு இபே என்ற ஆன்லைன் ஏலத் தளத்துக்குள் போனதுதான் நான் செய்த தப்பு.

இந்தியாவில் இபே 2004ல் பாஸி தளத்தை வாங்கி உள்ளே வந்தது, 2018ல் கடையைக் கட்டியது. இப்போது நாம் கேட்பது வெளிநாட்டு விற்பனையாளர்களிடம். அங்கே முடிவைச் சொல்வது கடிகாரம். குறித்த நொடி வந்தால் தீர்ந்தது, மூன்று தரமெல்லாம் கிடையாது. அதனால் தெரிந்தவர்கள் கடைசி சில நொடிகள்வரை வாயே திறப்பதில்லை. நானோ மூன்று நாளாக ஒவ்வொரு டாலராக ஏற்றி, ஒரு கேனன் இக்ஸஸ் கேமராவுக்கு நானே விலையை உயர்த்திக் கொடுத்தேன். ஆறு நொடி இருக்கும்போது எவரோ கொத்திக்கொண்டு போனார்.

ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதையே அலசியிருக்கிறார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்தி வந்தது. அங்கே கடைசி நேரத்தில் யாராவது கேட்டால், பத்து நிமிஷம் சும்மா கழியும்வரை ஏலம் நீளும். கிட்டத்தட்ட எங்கள் துறைமுகம் மாதிரி. கடைசி நொடிப் பாய்ச்சல் இபேயில்தான் மிக அதிகம் என்று 2002ல் எழுதினார்கள்.

இபேயில் பிழைக்க வழி ஒன்றுதான். உங்கள் உச்ச விலையை ஒரே தடவை போட்டுவிட்டு எழுந்து போய்விட வேண்டும். 60 டாலர் என்று போட்டாலும், அடுத்தவர் உச்சம் 40 என்றால் அதற்கு ஒரு படி மேலேதான் உங்களிடம் வாங்குவார்கள். அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் முதலிலேயே கழித்துவிட்டு அந்த உச்சத்தைக் குறியுங்கள். குறிப்பிட்ட மாடல்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கு இபேயை விட்டால் வழியில்லை.

காசு ஏல ஆப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு தடவை கேட்பதற்கும் காசு, யார் ஜெயித்தாலும் அது திரும்பாது. கணக்கு இவ்வளவுதான்: ஒரு தடவை கேட்க 10 ரூபாய், விலை ஏறுவது 1 ரூபாய் என்று வையுங்கள். "1,500 ரூபாய்க்குப் போன் போனது!" என்றால் கேட்ட வகையில் மட்டும் 15,000 ரூபாய் வசூல். இந்த வித்தையால் பேர் வாங்கிய ஸ்வூப்போ என்ற தளம் 2011லேயே மூடிவிட்டது. இன்னொரு பெயரில் யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

அப்புறம் புதுச்சேரி காந்தி வீதி. ஞாயிறு தோறும் சண்டே மார்க்கெட். இங்கே ஏலம் இல்லை, பேரம்தான். நீங்கள் நகர்ந்து நாலு எட்டு வைத்ததும் "சார், வாங்க, எவ்ளோ தருவீங்க?" என்று குரல் வந்தால் விலை இறங்கப் போகிறது. வராவிட்டால் சொன்னதுதான் விலை. ஆனால் எனக்கு விலையைவிடப் பெரிய விஷயம், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பது.

போகும்போது பையில் இரண்டு பென்டார்ச் பேட்டரியும் ஒரு 2 ஜிபி எஸ்டி கார்டும் இருக்கட்டும். கேனன் பவர்ஷாட் ஏ வரிசையில் பல மாடல்கள் அந்த இரண்டு பேட்டரியில் ஓடும், சார்ஜர் தேட வேண்டியதில்லை. 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் பழைய கேமராக்கள் பல ஏற்பதில்லை. பழைய ஒலிம்பஸ், ஃபுஜி என்றால் பெரும்பாலும் எக்ஸ்டி என்ற வேறு வகைக் கார்டு கேட்கும். கேமராவைவிட அதைத் தேடுவது பெரிய வேலை, அதனால் எவ்வளவு மலிவு என்றாலும் கீழே வைத்துவிடுவேன். லென்ஸ் தடங்கலில்லாமல் வெளியே வருகிறதா, கரகரவென்று மணல் சத்தம் கேட்கிறதா பாருங்கள். போன் டார்ச்சை உள்ளே அடித்தால் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி தெரியும். கடலோர ஊரில் இருந்த கேமராவில் இது சகஜம். இதையெல்லாம் இபே படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது ஞாயிறு ஒரு பவர்ஷாட் அமைந்தது. 1,800 சொன்னார், நாலு எட்டு நடந்தேன், 1,100க்கு முடிந்தது. ஓரத்தில் துளி பூஞ்சை. அண்ணன் மகளுக்கு அதுவும் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து படத்தை ஏற்றலாம் என்று பார்த்தால், யார் லேப்டாப்பிலும் கார்டு செருகும் இடமே இல்லை. கார்டு ரீடரை மட்டும் ஆன்லைனில் புதிதாக ஆர்டர் போட்டோம்.