வெட்டுக்காயப் பூண்டா, குப்பைமேனியா?

பென்னாகரம் பக்கம் கேழ்வரகு அறுக்கும்போது கை அறுபட்டால் முதலில் தேடுவது வெட்டுக்காயப் பூண்டைத்தான். இலையைக் கசக்கிச் சாற்றைப் பிழிவார்கள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். குப்பைமேனி சொறி சிரங்குக்கு. உப்பு சேர்த்து அரைத்துப் பூசுவார்கள். (இதன் வேரைக் கண்டால் பூனை புரளும், பூனைவணங்கி என்றும் பெயர்.)

ஆய்வகத்தில் இரண்டின் சாறும் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைத் தடுத்திருக்கிறது. ஆனால் அது ஆல்கஹால் போன்ற கரைப்பானில் பிரித்தெடுத்த செறிவான சாறு. வரப்போரத்து இலையில் மண் ஒட்டியிருக்கும். மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். சின்னக் கீறலுக்கு என் ஓட்டு வெட்டுக்காயப் பூண்டுக்கு, நன்றாகக் கழுவிய பிறகு. குப்பைமேனியைத் தோலோடு நிறுத்துங்கள். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் அதை உண்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். ஆழமான வெட்டா? டெட்டனஸ் ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம்தான்.