நாலு வருடமாக 850-ஐத் தட்டிக்கொண்டிருக்கிறேன்

"வானிலைச் செயலியில் உயரத்தை மீட்டரில் போடாமல் 850, 700, 500 என்று ஏன் போட்டிருக்கிறான், வாங்கலாமா?" என்று நண்பன் கேட்டான். நாலு வருடமாக அந்தப் பொத்தான்களோடு குடித்தனம் நடத்துகிறவன் என்பதால் பதில் நீண்டுவிட்டது, நடுவில் கோபமும் வந்துவிட்டது.

அவை ஹெக்டோபாஸ்கல் கணக்கு, அதாவது காற்றழுத்தத்தின் அலகு; மேலே போகப் போக எண் குறையும். பலூனில் கட்டி மேலே விடுகிற கருவி நெடுங்காலமாக நேரடியாக அளந்தது அழுத்தத்தைத்தான், உயரத்தை அதிலிருந்துதான் கணக்குப் போட்டு எடுத்தார்கள். அப்புறம், அழுத்தத்தை அளவுகோலாக வைத்தால் காற்றோட்டச் சமன்பாடுகளில் அடர்த்தி என்கிற தொல்லை கழன்றுவிடும்.

எனக்கு உயிர் 500தான். ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர் உயரம், வளிமண்டலத்தின் எடையில் பாதி அதற்குக் கீழே கிடக்கிறது. அழுத்தம் 500 ஆக இருக்கிற அந்த மட்டம் தட்டையாக இருக்காது. கீழே உள்ள காற்று சூடாகி உப்பினால் மேலே எழும்பும், குளிர்ந்து சுருங்கினால் இறங்கும். இது புரிந்த அன்று அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே முடியவில்லை. 200, 250 எல்லாம் வெகு உயரத்தில் வேகமாக ஓடுகிற ஜெட் காற்றோட்டத்துக்கு, நான் அதிகம் போவதில்லை.

850 சுமார் ஒன்றரை கிலோமீட்டர். தரையின் பகல் சூடும் இரவுக் குளிரும் பெரும்பாலும் அந்த உயரத்தை எட்டாது, அதனால் வந்திருக்கிற காற்று நிஜமாகவே சூடானதா என்று அங்கே தெரிந்துவிடும். ஆனால் மலைப்பகுதியில் 850 மண்ணுக்குள் போய்விடும்! திபெத்தியப் பீடபூமியின் சராசரி உயரம் சுமார் 4500 மீட்டர், அங்கே 700கூடப் பூமிக்கடியில்தான். வானிலையைக் கணிக்கிற கணினி மாடல் அந்த இடத்தை ஒரு கற்பனை எண்ணை வைத்து நிரப்புகிறது, சரி, அது அதன் தேவை. அதற்கு வண்ணம் பூசி, அம்புக்குறி போட்டு, நிஜக் காற்று மாதிரி எனக்கு ஏன் காட்ட வேண்டும்? சாம்பல் நிறம் அடித்துவிட்டால் போதுமே.

ஒரு முறை 2000 மீட்டர் உயரத்தில் கூடாரம் போடுவதற்கு முன் 850-இல் காற்று சாதுவாக இருக்கிறதென்று நம்பிப் போனேன். அங்கே தரையிலேயே அழுத்தம் 800-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பது விடிய விடியக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. என் தப்பும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. செயலிக்காரர்களுக்கு இரண்டு தடவை எழுதிப் போட்டேன், பதில் இல்லை.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். என் சந்தாவைப் போன மாதம்தான் இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்தேன், அதை அவனிடம் சொல்லவில்லை.