காய்ச்சல் பரவும் நேரத்தில் ஊருக்குப் போகலாமா? கும்பகோணம் போய் வந்த அனுபவம்

2023 மார்ச் முதல் வாரம் லண்டனில் எங்கள் வாட்ஸாப் குழுக்களில் இதே பேச்சுதான். ஊரில் காய்ச்சல் பரவுகிறது, வீட்டுக்கு ஒருவர் படுத்திருக்கிறார், டிக்கெட் போட்டவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மார்ச் 3-ஆம் தேதி இந்திய மருத்துவச் சங்கம் ஒரு அறிக்கை விட்டிருந்தது. காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிடும், இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும், அசித்ரோமைசின், அமாக்ஸிக்ளாவ் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தாங்களாகவே வாங்கிப் போடாதீர்கள் என்று அதில் இருந்தது. மார்ச் 10-ஆம் தேதி, எச்3என்2 என்ற ஃப்ளூ வகைக் காய்ச்சலில் கர்நாடகாவில் ஒருவரும் ஹரியானாவில் ஒருவரும் இறந்ததை மத்திய அரசு உறுதி செய்தது. அதே நாளில் தமிழ்நாடு முழுவதும் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடந்தது. அடுத்த வாரம் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு 26-ஆம் தேதி வரை விடுமுறை விட்டார்கள்.

என் டிக்கெட் அந்த வாரத்துக்குத்தான். அப்பாவின் முதல் வருஷத் திதி பங்குனித் தேய்பிறையில் வந்தது. கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றால் அடுத்த முகூர்த்தம் பார்த்துக்கொள்ளலாம். திதியை எப்படி நகர்த்துவது? அம்மாவிடம் கேட்டால், "நீ வாசல்ல நின்னு பாத்தாக்கூடப் போதும்டி, வந்துட்டுப் போ" என்றாள்.

முதலில் பண விஷயம். பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். பயணக் காப்பீடு இருக்கிறதே, காய்ச்சல் பயத்தில் போகாமல் விட்டால் பணம் திரும்ப வரும் என்று என் கணவர் நினைத்தார். காப்பீட்டுக்காரர்களுக்குப் போன் செய்து கேட்டோம். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை அந்த இடத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நானோ நெருங்கிய உறவினரோ உடல்நலமில்லாமல் பயணம் செய்ய முடியாது என்று டாக்டர் எழுதிக்கொடுக்க வேண்டும். போகப் பயமாக இருக்கிறது என்பது அவர்கள் ஏற்கும் காரணமே இல்லை. வெளியுறவுத் துறை அப்படி எதுவும் சொல்லவில்லை. அதனால் போகாவிட்டால் பணம் போய்விடும், கட்டணம் கட்டித் தேதியை வேண்டுமானால் மாற்றலாம். இதை டிக்கெட் எடுக்கும்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட் விலை கொஞ்சம் கூடத்தான். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்லிக் காப்பீடு எடுங்கள். இங்கிலாந்தின் இலவச மருத்துவம் இந்தியாவில் செல்லாது. அங்கே ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் காப்பீடுதான் கைகொடுக்கும்.

பணத்தைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தபோது ஒரு விஷயம் எனக்குத் தெளிவானது. "அங்கே போனால் எனக்கு வந்துவிடுமா" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். ஆனால் இங்கிலாந்திலும் அந்தக் குளிர்காலத்தில் பெரும்பாலும் இதே எச்3என்2 தான். டிசம்பர் கடைசியில் அது இங்கே உச்சத்தில் இருந்தது. எங்கள் தெருவிலேயே எத்தனை வீட்டில் படுத்தார்கள்! ஊரில் மட்டும் ஏதோ புதிதாக ஒன்று கிளம்பிவிட்டது போலப் பேசுவது சரியில்லை. என் கவலை வேறு. அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது. விமானம், விமான நிலையம், ரயில் என்று ஒரு நாள் முழுக்கக் கூட்டத்தில் கிடந்துவிட்டு நேராக அவள் பக்கத்தில் போய் உட்காரப்போவது நான். ஃப்ளூ கிருமி உள்ளே போய் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் காய்ச்சல் வரும். காய்ச்சல் தெரிவதற்கு முந்தின நாளே அடுத்தவருக்குத் தொற்றவும் செய்யும். அவளுக்கு நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது. இப்படிக் கேள்வியைத் திருப்பிப் பார்த்ததும் செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டது.

நான் அக்டோபரிலேயே ஃப்ளூ தடுப்பூசி போட்டிருந்தேன். அம்மாவுக்கு யாரும் போடவில்லை. நம் ஊரில் ஃப்ளூ தடுப்பூசி என்றாலே குழந்தைகளுக்கானது என்று நினைக்கிறார்கள், அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலிலும் அது கிடையாது. மருத்துவச் சங்கத்தின் அறிக்கை வந்த மறுநாளே பெங்களூரிலிருந்து அண்ணன் போன் போட்டு, கும்பகோணத்தில் எங்கள் குடும்ப டாக்டரிடம் சொல்லி ஊசிக்கு ஏற்பாடு செய்தார். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால், நான் வருவதற்குள் அந்தக் கணக்குச் சரியாக இருந்தது. பூமியின் வட பாதிக்கும் தென் பாதிக்கும் ஃப்ளூ ஊசி தனித்தனியாக வரும். கடையில் இருப்பது வட அரைக்கோளத்து ஊசியா தென் அரைக்கோளத்து ஊசியா என்று அண்ணன் குழம்பினார். அந்த ஆண்டு இரண்டிலுமே எச்3என்2 பகுதி ஒன்றுதான், கிடைப்பதைப் போடச் சொன்னேன்.

மகனையும் கணவரையும் கூட்டிப்போகவில்லை. மகனுக்கு ஆஸ்துமா. பள்ளியில் மூக்கில் அடிக்கும் தடுப்பு மருந்து போட்டிருந்தார்கள் என்றாலும், ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் பள்ளியை விட்டுவிட்டு, காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் ஊருக்கு அவனை இழுத்துப் போக எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவின் திதிக்குப் பேரன் வரவில்லையா என்று உறவில் சிலர் கேட்டார்கள். கேட்கட்டும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள், அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் இந்த மாதிரி நேரத்தில் பயணத்தைத் தள்ளிவைத்தால் அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே காய்ச்சலோ தொண்டை வலியோ இருந்தால் விமானம் ஏறுவதில்லை, வீடியோவில் திதியைப் பார்த்துக்கொள்வது என்று அண்ணனிடம் முன்கூட்டியே பேசி வைத்தேன். கடைசி நிமிஷத்தில் முடிவெடுக்க உட்கார்ந்தால் பாசம் ஜெயித்துவிடும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவோம்.

சென்னை விமான நிலையத்தில் பெரிதாக எதுவும் இல்லை. லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு கொரோனாவுக்காக நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவம் முந்தைய நவம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. காய்ச்சல் பார்க்கும் கருவி இருந்தது. வருகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரிடம் சளி மாதிரி எடுத்தார்கள். அது கொரோனாவுக்கான சோதனை, ஃப்ளூவுக்கு இல்லை. மாதிரி கொடுத்துவிட்டு வெளியே போய்விடலாம். கருவியில் சூடு காட்டவில்லை என்பதை நம்பி நிம்மதியாக இருப்பது தவறு. கிருமி உள்ளே இருந்து, காய்ச்சல் இன்னும் வராத ஆளை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? எழும்பூரிலிருந்து ரயிலில் மாஸ்க் போட்டிருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் வீடு வரை கழற்றவில்லை. வந்த பிறகும் முதல் சில நாள் அம்மாவோடு திண்ணையில்தான் பேச்சு, படுக்கை மாடி அறையில். அவளுக்கு வருத்தம்தான், புரிந்துகொண்டாள்.

இனி ஊரில் கிடைத்த மருத்துவ வசதிகளைப் பற்றி. இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

அம்மா இப்போதெல்லாம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதே இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ஒரு பெண் தன்னார்வலர் மாதாமாதம் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நான் இருந்தபோதும் வந்தார். மாஸ்க் போட்டுக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்து எல்லாம் செய்தார். "யாருக்காச்சும் காய்ச்சல் இருக்காக்கா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். காய்ச்சல் பரவும்போது வயதானவர்களுக்கு ஆபத்தான இடங்களில் ஒன்று ஆஸ்பத்திரியின் புறநோயாளி வரிசை. அங்கே போகாமலே அவர்களுக்கு மருந்து கிடைப்பது எத்தனை பெரிய பாதுகாப்பு என்று வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்குத் தெரியாது.

திதி காவிரிக் கரையில் உள்ள பகவத் படித்துறையில் நடந்தது. மேட்டூர் அணையை ஜனவரி கடைசியில் மூடிவிடுவார்கள், பங்குனியில் காவிரியில் ஏது தண்ணீர்? அண்ணன் எல்லாம் செய்தார். சாப்பாட்டைக் கூடத்தில் வைக்காமல் கொல்லைப் பக்கம் பந்தல் போட்டுப் பரிமாறினோம், கூட்டத்தையும் குறைத்தோம்.

இரண்டு நாள் கழித்து அத்தைக்குக் காய்ச்சல். அவருக்கும் சர்க்கரை உண்டு. 102 டிகிரி, உடம்பு வலி, வறட்டு இருமல். அத்தை பையன் உடனே மருந்துக் கடைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறான். கடைக்காரர் டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமல் மூன்று அசித்ரோமைசின் மாத்திரையும் இருமல் மருந்தும் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வைரஸ் காய்ச்சலுக்கு அந்த மாத்திரை எதுவும் செய்யாது. நாளைக்கு உண்மையிலேயே நிமோனியா வந்து அது தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகலாம். நாடு முழுவதும் டாக்டர்கள் கெஞ்சிக் கேட்ட பிறகும் இப்படி. இன்னொருவர், ஒரு பரிசோதனைக் கூடத்தின் "காய்ச்சல் பேக்கேஜ்" பற்றிச் சொன்னார். டெங்கு, டைபாய்டு, மலேரியா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பல ஆயிரம் ரூபாய். டாக்டர் கேட்காமல் யாரும் அதற்குப் போக வேண்டாம்.

104-க்கு அடித்தேன். எந்த நேரத்திலும் மருத்துவ ஆலோசனை சொல்லும் அரசு எண் அது. எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, குழப்பமாகப் பேசுகிறாரா, சிறுநீர் போகிறதா? எதுவும் இல்லை என்றதும், இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் சர்க்கரை இருப்பதால் இன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள் என்றார். காட்டினோம். அங்கே இருந்த பெண் டாக்டர் விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் பார்த்தார், 97. நெஞ்சில் வைத்துக் கேட்டார். அசித்ரோமைசினை நிறுத்தச் சொன்னார். ஃப்ளூ டெஸ்ட் எடுக்க வேண்டாமா என்று நான் கேட்டேன். அவர் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஊருக்குப் போகிற எல்லோருக்கும் உதவும்.

ஃப்ளூ நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். லேசான காய்ச்சல், இருமல் மட்டும் என்றால் ஏ. டெஸ்ட்டும் வேண்டாம், ஃப்ளூ மாத்திரையும் வேண்டாம், வீட்டில் தனியாக இருந்து ஓய்வெடுத்தால் போதும். காய்ச்சல் அதிகமாக இருந்தாலோ, காய்ச்சலோடு சர்க்கரை, ஆஸ்துமா, கர்ப்பம், முதுமை மாதிரி ஏதாவது சேர்ந்திருந்தாலோ பி. அவர்களுக்கு டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் ஓசல்டாமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரையைத் தொடங்கிவிடலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ரத்தம் கலந்த சளி என்று போனால் சி. உடனே ஆஸ்பத்திரி, டெஸ்ட் அவர்களுக்குத்தான். ஓசல்டாமிவிர் காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அத்தைக்கு அந்த நேரம் இன்னும் இருந்தது. 75 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். பைசா வாங்கவில்லை. மூன்றாவது நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. இருமல் மட்டும் நான் கிளம்பும்வரை இருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வழக்கம்போல நிலவேம்புக் கஷாயம் வைத்து எல்லோரையும் குடிக்க வைத்தாள், அதையும் குடித்தோம்.

லண்டனில் காலை எட்டு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்துதான் ஜி.பி. என்னும் குடும்ப டாக்டரின் நேரத்தை வாங்குகிறேன். கும்பகோணத்தில் அன்று காலை போனில் பேசி, மதியத்துக்குள் டாக்டர் பார்த்து, மாத்திரை கைக்கு வந்துவிட்டது. எல்லா ஊரிலும் எல்லா நாளும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "ஊரில் காய்ச்சல் வந்தால் கதி என்ன" என்ற பயத்தில் பயணத்தை ரத்து செய்ய நினைப்பவர்கள், தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு போகாதீர்கள்.

எனக்கு ஒரே ஆதங்கம், அந்தத் தடுப்பூசி. வீடு தேடி வரும் தன்னார்வலரின் பையில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது, ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது. அறுபதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள் யார் யார் என்ற பட்டியல் அவர் கையிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்து வருஷத்துக்கு ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஃப்ளூ ஊசி இலவசமாகப் போட்டால் எத்தனை பாட்டிகள், தாத்தாக்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகாமல் தப்பிப்பார்கள்! அத்தை இரண்டாயிரம் ரூபாய் ஊசி போட்டிருக்க வாய்ப்பே இல்லை, அவர் மாதிரி இருப்பவர்கள்தான் ஊரில் பெரும்பாலோர். இந்தக் கோரிக்கையை அரசுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் சரியென்று பட்டால் நீங்களும் எழுதுங்கள்.

அரசு தரும்வரை நாமே செய்ய வேண்டியதுதான். சென்னையிலும் வேலூரிலும் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது வடகிழக்குப் பருவமழை சமயத்தில், அக்டோபர், நவம்பரில் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வடநாட்டில் பல இடங்களில் அது ஜூன், ஜூலையில் வருகிற தென்மேற்கு மழையோடு வருகிறது. அதனால் நம் பக்கத்தில் ஊசிக்குச் சரியான நேரம் செப்டம்பர். அம்மாவுக்கும் அத்தைக்கும் சேர்த்து செப்டம்பரில் போட டாக்டரிடம் பேசி, பணத்தையும் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். நான் அடுத்து வருவது டிசம்பரில், இந்த முறை மகனையும் கூட்டிக்கொண்டு.