'கிங்டம்' தொடர்: ஆஷினில் தொடங்கலாமா, முதல் சீசனில் தொடங்கலாமா?

போன டிசம்பரில் ஏற்காட்டில் தம்பி வீட்டில் இருந்தபோது 'கிங்டம்' என்ற கொரியத் தொடரைப் பார்க்க உட்கார்ந்தோம். எதில் தொடங்குவது என்பதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. நெட்பிளிக்ஸில் இரண்டு சீசன்கள், 2019-லும் 2020-லும் வந்தவை, ஒவ்வொன்றிலும் ஆறு பகுதி. 2021-ல் 'ஆஷின் ஆஃப் தி நார்த்' என்று ஒன்றரை மணி நேரப் படம் ஒன்று. கதைப்படி ஆஷின்தான் முந்தி நடப்பது என்பதால் நான் அதில் தொடங்கினேன். பொங்கலுக்கு அம்மாப்பேட்டை வீட்டில் அம்மா முதல் சீசனிலிருந்து பார்த்தார். கூடவே நானும் மறுபடி பார்த்தேன். இப்போது யார் கேட்டாலும் முதல் சீசன் என்றுதான் சொல்கிறேன்.

ஆஷின் ஒரே இரவில் முடிந்துவிடும், பெயர்களும் குறைவு. வடக்கு எல்லைப் பனிக்காடு கண்ணிலேயே நிற்கும். அந்த வசதியெல்லாம் உண்மைதான்.

ஆனால் செத்தவர்களை எழுப்பும் ஒரு செடியைச் சுற்றித்தான் இந்தக் கதை முழுக்க ஓடுகிறது. ஆஷின் அந்தச் செடியை எடுத்த எடுப்பிலேயே காட்டிவிடுகிறது. முதல் சீசனிலோ அரண்மனைக் கதவு பூட்டியிருக்கிறது, ராஜா செத்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு, பெற்ற மகனைக்கூட உள்ளே விடவில்லை. வைத்தியம் பார்த்தவரைத் தேடி இளவரசன் தெற்கே கிளம்புகிறான். ராஜாவுக்கு என்ன ஆனது என்று அவனைப் போலவே நமக்கும் தெரியாது. "ராஜாவுக்கு என்னதான்டா சீக்கு?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு விடை முன்பே தெரியும். அதனால் ஏற்காட்டில் அந்தப் பகுதிகளை, இவன் எப்போது கண்டுபிடிப்பான் என்று காத்திருந்தே கழித்தேன்.

இன்னொன்று பசி. 1592 முதல் 1598 வரை நடந்த ஜப்பான் படையெடுப்பு முடிந்து சில வருடங்களே ஆன ஜோசன் நாடு, அதாவது அன்றைய கொரியா. தெற்கே ஜனங்களுக்குக் கஞ்சிக்கே வழியில்லை. நோய் பரவுவதற்குக் காரணமும் அந்தப் பசிதான். அதைப் பார்த்ததும் அம்மா, 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் பக்கம் எறும்புப் புற்றைத் தோண்டித் தானியம் பொறுக்கியதாகத் தன் அம்மாயி சொன்ன கதையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு அது பேய்க்கதையாகவே தெரியவில்லை.

கடைசியாக ஆஷினைப் போட்டேன். முடிந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முதலில் பார்த்தபோது எனக்கு அது ஒரு பெண் பழிவாங்கிய கதை, அவ்வளவுதான். தெற்கே எத்தனை ஊர் அழிந்தது என்று தெரிந்த பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பது வேறு.

சரி, எல்லோருக்கும் இது ஒத்துவருமா? தம்பி மனைவி ஆஷினை என்னோடு முழுதாகப் பார்த்தார். முதல் சீசனில் மந்திரிகள் பேசப் பேச, இரண்டாம் பகுதியோடு எழுந்து போய்விட்டார். தர்பார் அரசியல் பிடிக்காதவர்களை ஆஷின் உள்ளே இழுக்கலாம். அதற்கு என்னிடம் இருப்பது அவர் ஒருவரின் அனுபவம்தான்.

முதல் பகுதி மெதுவாகப் போகும், அதனால் இரண்டைச் சேர்த்தே பாருங்கள். ரத்தம் அதிகம், பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். அப்புறம், ஆறாம் பகுதி பார்க்கும் நாளில் இரண்டாம் சீசனின் முதல் பகுதிக்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்க முடியாது.